ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த பாசி

பாசிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கத்தித்தான் பேசுவேன். கோபம் என்று நினைத்து யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். பாதி ஆயுளை பாய்லர் பக்கத்தில் கழித்தவன் நான். அந்த இரைச்சலில் காது மந்தமான பிறகுதான் என்னைப் பாசிக்கு மாற்றினார்கள். பவர் ஹவுஸில் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன் இப்போது பாசி வழிக்கப் போகிறான் என்று எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க ஒரே கேலி. என் மனைவி இன்னும் ஒரு படி மேலே போனாள். "வூட்டுத் தொட்டியில பாசி புடிச்சிருக்கு, தேச்சி வுடுங்கன்னா காதுலயே வாங்க மாட்டீங்க. அங்க சம்பளம் குடுத்து வளக்கவே சொல்றாங்களா?" என்று கேட்டாள்.

நீங்கள் எல்லாரும் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உரம் எவ்வளவு போடுவது, செல்லை எப்படி எண்ணுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. தொட்டி கெட்டு நிற்கும்போது, அதிகாரி பேர் கேட்கும்போது, ஒரு மனிதனின் பிழைப்பு நடுவில் தொங்கும்போது நாம் எப்படி நடந்துகொள்வது என்று எந்தக் காலேஜிலும் பாடம் கிடையாது. அதைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது பிரிவு தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பவர் ஹவுஸ் புகையில் ஒரு பங்கைக் குழாயில் கொண்டுவந்து குளத்தில் விடுவோம். அதிலிருக்கும் கரியமில வாயுவைத் தின்று பாசி வளரும். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல். கோடிக்கணக்கில் சேர்ந்தால்தான் தண்ணீர் பச்சையாகத் தெரியும். குளத்தில் விடுவதற்கான விதைப் பாசியை, கல்ச்சர் என்பார்கள், அதை மட்டும் உள்ளே ஓர் அறையில், ஆளுயரக் கண்ணாடிக் குழாய்களில் வளர்ப்போம். சுற்றிலும் டியூப் லைட். அடியிலிருந்து புளோயர் காற்றுக் குமிழ்களை விட்டுக்கொண்டே இருக்கும். புளோயர் நிற்கவே கூடாது.

அந்த அறை எங்கள் விஞ்ஞானி மேடத்தின் ராஜ்யம். பேர் சொல்ல மாட்டேன். சொன்னதாகத் தெரிந்தால் இப்போதும் போன் போட்டுத் திட்டுவார். தென்காசிப் பக்கத்துக்காரர், டவுன்ஷிப்பில் இருந்து இருந்து எல்லா ஊர்த் தமிழும் அவர் பேச்சில் கலந்துவிட்டது. காலையில் உள்ளே வந்ததும் குட் மார்னிங் சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு குழாயின் வாயிலும் குனிந்து மோந்து பார்ப்பார். "என்ன மேடம், ரசம் கொதிச்சிருச்சான்னு பாக்கறீங்களா?" என்று நான் சீண்டுவேன். "உங்க காதுதான் போச்சு. என் மூக்காவது இருக்கட்டுமே" என்பார். அந்த அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

எனக்குப் புரிய வேண்டும் என்று அவர் பாசியை ஷிப்ட் கணக்கில்தான் விளக்கினார். "இதுங்களுக்கும் ஷிப்ட் இருக்கு. பகல் ஷிப்ட்ல வெளிச்சத்த வெச்சு மாவு பண்ணி உள்ளே அடுக்கிக்கும். நைட் ஷிப்ட்ல அந்த மாவ ஆக்சிஜன் வெச்சு எரிச்சு உயிரோட இருக்கும்."

"அப்ப இது பாய்லர்தான் மேடம்."

"உங்களுக்கு எதப் பாத்தாலும் பாய்லர்" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

இன்னொருவர் ராமலிங்கம். பக்கத்திலிருக்கும் வடக்குத்து கிராமத்துக்காரர். நிலம் நிலக்கரி மைன்ஸுக்குப் போன குடும்பம். எங்கெங்கோ கான்ட்ராக்ட் வேலை பார்த்துவிட்டு, ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தார். குழாய் கழுவுவது, தரை துடைப்பது, குளத்தில் விழும் இலையை வலை போட்டு எடுப்பது அவர் வேலை. அவர் எங்கள் பாசிக்குப் பச்சையம்மா என்று அவர்கள் குலதெய்வத்தின் பேரையே வைத்துவிட்டார். "பச்சையம்மாவுக்கு இன்னிக்கி முகம் வாடியிருக்குதுங்க" என்பார். போய்ப் பார்த்தால் ஏதோ ஒரு டியூப் லைட் மங்கியிருக்கும். கழுத்தில் தொங்கும் கேட் பாஸைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டுதான் தண்ணீரில் கை வைப்பார். அந்த பாஸ் நனைந்தால்கூட அவருக்குத் தாங்காது. அந்த வயதில் அது போனால் வேறு எந்தக் கான்ட்ராக்டரும் புதிதாக எடுக்க மாட்டான். கல்யாணத்துக்கு ஒரு பெண் வீட்டில் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. நம் ஊரில் ஆயுத பூஜை எப்படி என்று வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தீபாவளியை விட்டாலும் விடுவோம், இதை விட மாட்டோம். நட்டு போல்ட்டிலிருந்து பெரிய மெஷின் வரை கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணி உடைத்து, பொரி கடலை கொடுப்போம். படைத்த கருவியை மறுபூஜை போடும்வரை தொடக் கூடாது. அதற்கு ஓய்வு.

மேடம் அன்று லீவில் ஊருக்குப் போயிருந்தார். எங்கள் அதிகாரிதான் முன்னால் நின்று சூடம் காட்டினார். மைன்ஸில் ராட்சச மெஷின்களோடு இருந்துவிட்டு வந்தவர். குரலும் அந்த மெஷின் மாதிரிதான், ஆனால் நல்ல மனிதர். சூடத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "ஒண்ணு விடாம எல்லாத்தையும் நிறுத்துங்கப்பா. வருஷத்துல ஒரு நாளாவது இதுங்களும் தூங்கட்டும்!" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர் மனதில் இருந்தது பம்பும் மோட்டாரும்தான். நான் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, குள்ளஞ்சாவடியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அந்த லீவு நாட்களில் அறையைப் பார்த்துக்கொள்ளும் முறை ராமலிங்கத்துடையது. அவர் அதிகாரி சொன்னதை அப்படியே செய்தார். பம்பை நிறுத்தினார், மோட்டாரை நிறுத்தினார், கடைசியாகப் பாசி அறைக்கு வந்து லைட்டை அணைத்தார், புளோயரையும் நிறுத்தினார். இரவு பகலாக மூச்சுவிடாமல் வேலை செய்யும் பச்சையம்மாவுக்கு மட்டும் ஓய்வு வேண்டாமா? ஒவ்வொரு குழாய்க்கும் பொட்டு வைத்தார். பொட்டு உதிர்ந்து உள்ளே விழுந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் குழாய் வாய்களைப் பாலித்தீன் போட்டு இறுகக் கட்டினார். ஜன்னலை மூடினார். அந்த வருஷம் விஜயதசமியை ஒட்டி ஞாயிறும் வந்தது. அதிகாரி ஊரிலிருந்து வந்ததும் மறுபூஜை போட்டுக்கொள்ளலாம் என்று, தினமும் வந்து பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார் மனிதர்!

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தது நான்தான். பாய்லர் ஆளுக்குச் சத்தம் பயமில்லை, சத்தம் இல்லாமல் இருந்தால்தான் பயம். உள்ளே புளோயர் சத்தமே இல்லை. குழாய்களில் மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றது. அடியில் ஏதோ கரும்பச்சையாகச் சேறு போலப் படிந்து கிடந்தது. ஒரு பாலித்தீனை அவிழ்த்தேன். புஸ்ஸென்று காற்று வந்தது, கூடவே ஒரு வாடை.

பின்னாலேயே ராமலிங்கம் சூடமும் வெற்றிலை பாக்குமாகச் சிரித்துக்கொண்டு வந்தார். "தண்ணி எம்மாம் தெளிவா இருக்குது பாத்தீங்களா சார். நல்லா தூங்கியிருக்குதுங்க" என்றார். என் முகத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். வெற்றிலைத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டார். "அய்யோ, கொன்னுட்டேனா சார்?" என்று அவர் கேட்டது இன்னும் என் மந்தக் காதில் இருக்கிறது.

அதிகாரி வந்தார். அந்த வாரக் கடைசியில் வெளியிலிருந்து ஒரு குழு குளத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. விதைப் பாசி இல்லையென்றால் குளம் இல்லை. குளிர்பெட்டியில் சின்னக் குப்பியில் அதே பாசியின் பிரதி உண்டு, ஆனால் அதிலிருந்து இவ்வளவு வளர்த்தெடுக்க மாதக்கணக்கில் ஆகும். அவருக்கு மேலிருந்து போன் மேல் போன். மனிதர் வெடித்துவிட்டார்.

"செத்துப் போச்சு! எல்லாத்தையும் டிரெயின்ல ஊத்துங்க. புளோயர நிறுத்துனவன் யாரு? சாயந்திரத்துக்குள்ள எனக்குப் பேர் வேணும்."

"நாந்தாங்க" என்று ராமலிங்கம் எழுந்து நின்றார். கழுத்திலிருந்து பாஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மேடம் வந்து கல்ச்சர் செத்துடுச்சுன்னு கையெழுத்துப் போடட்டும். அப்புறம் கான்ட்ராக்டர்கிட்ட பேசிக்கிறேன்" என்று அதிகாரி சொன்னார்.

என் வாய் சும்மா இருக்குமா? 'நிறுத்தச் சொன்னதே நீங்கதானே சார்' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ராமலிங்கம் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அதிகாரி வெளியே போனதும், "வேணாங்க சார். சாமி முன்னாடி நின்னுகினு நல்ல மனசோட சொன்னாருங்க. அதப் போயி அவரு தலையில போட்டா அவருக்கும் போயிடும்ங்க. ஒருத்தரோட போவட்டும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. அப்படி ஒரு மனுஷன்!

மேடம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தார், தோளில் ஊர்ப் பை. நான் ஓரமாக அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அதிகாரி சொன்ன வார்த்தையையும் சேர்த்து. "இப்ப அதச் சொன்னா சண்டைதான் நடக்கும். முதல்ல குழாயப் பாப்போம்" என்று பையைக்கூட இறக்காமல் குழாயின் வாயில் குனிந்தார். மோந்தார். அடுத்ததை மோந்தார்.

"அழுகல் வாடை இல்லியே. புளிப்பு வாடைல்ல அடிக்குது" என்றார்.

மூக்கை மட்டும் நம்பி அவர் எதையும் சொல்லிவிட மாட்டார். அடியில் படிந்ததில் ஒரு சொட்டு எடுத்து, அதில் நீலச் சாயம் கலந்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். செத்த செல்லுக்குள் சாயம் தாராளமாகப் புகுந்துவிடும். உயிருள்ள செல் அதை உள்ளே விடாது. ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு என்னை இழுத்துப் பார்க்கச் சொன்னார். அங்கங்கே சில நீலப் புள்ளிகள். மற்றதெல்லாம் பச்சை.

அதிகாரியை அவரே போய் அழைத்து வந்தார். "சார், இது சாகல. காத்து போனதும் மூச்சு விடற விதத்த மாத்திக்கிச்சு. ஆக்சிஜன் இல்லாம மாவ முழுசா எரிக்க முடியாது. அதனால பாதியிலயே உடைச்சு, வர்ற கொஞ்சநஞ்ச சக்தியில உயிரப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. மிச்சத்தப் புளிப்பா, கொஞ்சம் சாராயமா வெளிய தள்ளுது. அந்த வாடைதான் இது."

"உயிர் இருக்குல்ல? அப்ப ஃபுல் காத்து, ஃபுல் லைட்டு. புகை வால்வையும் திறந்து விடுங்க. ரெண்டு நாள்ல பச்சையாகணும்."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்க பாய்லர் ஆறிக் கிடந்தா என்ன பண்ணுவீங்க? சாருக்குச் சொல்லுங்க."

அதுவரை என் தொழிலை வைத்து என்னைக் கேலி செய்தவர், அன்று அதையே முன்னால் நிறுத்தினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "சார், ஆறிப்போன பாய்லர்ல ஒரேயடியா நெருப்பப் போட்டா இரும்பே தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் சூடேத்துவோம். மேலேருந்து யார் போன் பண்ணாலும் அப்படித்தான்" என்று கத்தினேன். காது மந்தம் என்பதால் கத்தினேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். நல்லது.

"அதேதான் சார்" என்றார் மேடம். "வெளிச்சத்த வாங்கற மெஷினெல்லாம் மூடி வெச்சிருக்கு. இப்ப ஃபுல் லைட்டப் போட்டா வெந்துடும். கரியமில வாயு விட்டா ஏற்கெனவே புளிச்சது இன்னும் புளிக்கும். மெதுவா காத்து, தள்ளி வெச்ச ஒரு லைட்டு. அது போதும். வெளிய தள்ளின புளிப்ப அதுங்களே திருப்பி எடுத்துத் தின்னுக்கும். எழுந்திரிச்சா எழுந்திரிக்கும். இல்லேன்னா நான் கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் போட மாட்டேன்."

எழும் என்று அவர் சத்தியம் செய்யவில்லை, கவனியுங்கள். தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு, "நாளைக்கு வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புளோயரைத் திறந்தோம். ஒன்றிரண்டு குமிழ்தான். மத்தியானம் ஆயிற்று, சேறு கொஞ்சம் கிளம்பித் தண்ணீர் கலங்கியது. அவ்வளவுதான். நிறம் அழுக்காக இருந்தது. ராமலிங்கம் சாப்பிடவும் போகவில்லை. மேடம் தன் டப்பாவைத் திறந்து அவர் கையில் திணித்தார். அவர் வாங்கிக்கொண்டாரே தவிர வாயில் வைக்கவில்லை.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ராமலிங்கம் மெல்லக் கேட்டார். "அத்தினி நாளு இருட்டுல, காத்தும் இல்லாம, இன்னாத்தத்தாங்க தின்னுகினு இருந்திச்சி?"

"சொன்னேனே, உள்ளே சேத்து வெச்ச மாவு. வளர்றதுக்கும் பெருகறதுக்கும் வெச்சிருந்தது. அத எடுத்துத்தான் தின்னுச்சு. வளரவேண்டாம், பெருகவேண்டாம், இருந்தா போதும்னு இருந்திருக்கு" என்றார் மேடம்.

ராமலிங்கம் தலையை ஆட்டினார். "நாங்களும் அப்பிடித்தாங்க இருந்தோம், நெலம் போன வருசம். வெதைக்கு வெச்சிருந்த நெல்லு மூட்டைய அவிச்சித் தின்னோம். வெதைக்கறதுக்குத்தான் நெலம் இல்லியே, அப்பறம் இன்னாத்துக்கு வெச்சிருக்கிறதுன்னு எங்க வூட்டுல சொல்லிச்சிங்க. அன்னிக்கி சோத்த வாயில வெக்க முடியல. ஆனா தின்னோம்ங்க. புள்ளைங்க இருந்துதே."

நான் திரும்பினேன். வாசலில் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. ராமலிங்கம் பதறி எழுந்தார். அதிகாரி குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அழுக்காகத்தான் இருந்தது. வாடை போகவில்லை. எழுமா, எழாதா என்று அந்த நேரத்தில் மேடத்துக்கே தெரியாது.

"மேடம்" என்றார் அதிகாரி. அந்தக் கனத்த குரல் அன்றைக்குத்தான் தழைந்து கேட்டது. "நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டி வந்தா, புளோயர நிறுத்தச் சொன்னது நான்னு எழுதிக்கங்க. காலையில கத்திட்டு ரூமுக்குப் போனப்பவே ஞாபகம் வந்துடுச்சு. எல்லாத்தையும் நிறுத்துங்கன்னு சூடத்தக் கையில வெச்சுக்கிட்டு நான்தான் சொன்னேன். அப்புறமும் இவ்வளவு நேரம் வாயத் திறக்காம இருந்துட்டேன்."

"அய்யோ, நீங்க பம்பத்தானுங்க சொன்னீங்க" என்றார் ராமலிங்கம்.

"ஒண்ணு விடாமன்னுதானேப்பா சொன்னேன்" என்றார் அவர். மேஜைமேல் இருந்த பாஸை எடுத்து ராமலிங்கத்தின் கையில் கொடுத்தார். "போய் சாப்பிடு முதல்ல."

ராமலிங்கம் அழுதார். நானும்தான் அழுதேன், அதில் என்ன வெட்கம்? மேடம் மட்டும் அழவில்லை. "எல்லாரும் கூட்டம் போட்டா இதுங்களுக்கு வெளிச்சம் மறைக்குது, நகருங்க" என்று எங்களை விரட்டினார்.

மறுநாள் வாடை குறைந்தது. அதற்கு அடுத்த நாள் தண்ணீர் ஒரே சீராகப் பச்சை ஏறியது. வந்த குழு பார்த்துவிட்டுப் போனது. அதிகாரிக்கு மேலிடத்தில் இரண்டு வார்த்தை விழுந்ததாகக் கேள்வி. அவர் எங்களிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பிள்ளைகளே, பாசி பிழைத்ததைச் சொல்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. மூச்சு முட்டினால் வேறு விதமாக வாழ அதற்குத் தெரியும், நம்மைக் கேட்டா செய்கிறது? உங்களில் சிலர் நாளைக்கு அதிகாரியாக வருவீர்கள். அன்றைக்கும் ஏதாவது ஒரு குழாய் கெட்டு நிற்கும். ஏதாவது ஒரு ராமலிங்கம் உங்கள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பாஸைக் கழற்றி வைப்பார். பச்சை திரும்பிய பிறகு நான்தான் என்று சொல்ல எவனாலும் முடியும். தண்ணீர் அழுக்காக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.